பிள்ளைத் துணி

"தாடை கட்ட ஒரு பழைய துணி வேணும்மா" என்று விக்டர் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டபோது, பூரணி கொடியிலிருந்து பிள்ளைத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் ஆம்புலன்ஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. மாமனார் சண்முகசுந்தரத்தைக் கூடத்தில் கிடத்திவிட்டார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

"பீரோவுல பாத்தேன். இருக்கறது எல்லாம் புது வேட்டி. கஞ்சி போட்டு மொடமொடன்னு இருக்கு, முடிச்சு நிக்காது."

"பழசு எதுவும் இல்லீங்க மாமா. எல்லாத்தையும் இதுக்குக் கிழிச்சுட்டாங்க."

இருவரும் அவள் கையிலிருந்த துணிகளைப் பார்த்தார்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்காகக் கிழித்து, வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்ட சண்முகசுந்தரத்தின் வேட்டிகள் அவை. பூரணி அவற்றில் நீளமாக, மெத்தென்று இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். விக்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மாமனாரோடு ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், பக்கத்து வீடு, அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழாமல்தான் போனார்.

காலையில் பால் வாங்கப் போன சண்முகசுந்தரம் பூத் வாசலிலேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டதே இல்லை என்று பீற்றிக்கொள்வார். இந்த ஒரு லீவுக்கு மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அவருடைய ஒரே தங்கை குழலி. புருஷன் கணேஷ்குமார் கூப்பிடுகிறபடியே பூரணியும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்கிய அத்தை, கண்ணைத் துடைத்ததும் முதல் வேலையாகப் பூரணியைத்தான் தேடியிருந்தாள். "நிறைமாசக்காரி சாவு வீட்டுல நிக்கக் கூடாது. உடம்பு வந்ததும் நீ விக்டர் வீட்டுக்குப் போயிடு. எடுத்துட்டுப் போயி, வீட்டைக் கழுவி விட்டப்புறம் வந்தாப் போதும்."

"முகத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன் அத்தை."

"பேசாத. வயித்துல இருக்கறதுக்கு ஆகாது."

எனவே இப்போது பூரணி துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். விக்டரின் மனைவி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னலுக்கு நேரே சொந்த வீட்டின் பக்கச் சுவர்தான் தெரிந்தது. அழுகைச் சத்தமும் பேச்சுச் சத்தமும் மட்டும் சுவரைத் தாண்டி வந்தன. பூரணி துணிகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளைப் பெற்ற அன்றே அவள் அம்மா போய்விட்டாள். உப்பிலியபுரத்தில் அப்பாவும் சின்னம்மாவும் இருக்கிறார்கள், அவர்கள் பாடு அவர்களுக்கு. மாமியாரும் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். நாள் தள்ளிப்போனது உறுதியானதும் கணேஷ்குமார் ஸ்வீட் வாங்க ஓடினான். பூரணி குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். மழையில் நின்றால் நனைவோம், பிள்ளை பெற்றால் செத்துப்போவோம், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதைப் புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மாமனாரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் வெண்டைக்காயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டறையில ஒரு வண்டியைக்கூட ட்ரையல் பாக்காம லைன்ல விட மாட்டோம்மா. பயமா இருந்தா ட்ரையல் பாத்துடுவோம்" என்றார்.

மறுநாளே அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு, பிரசவம் பார்க்கப்போகிற ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸிடம் கெஞ்சிக் கூத்தாடி, காலியாக இருந்த பிரசவ அறையைத் திறந்து காட்டச் சொன்னார். ஒரு கட்டில், ஒரு பெரிய விளக்கு, ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்க மரம். "பாத்தியா, ஒரு ரூமு. அவ்வளவுதான்" என்றார். அம்மாவுக்கு நேர்ந்ததை டாக்டரிடம் சொல்ல அவள் தயங்கியபோது அவரே எடுத்துச் சொன்னார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, முன்கூட்டியே ரத்தம் ஏற்பாடு செய்துவைப்பதுவரை விளக்கினார். அன்றைக்குப் பூரணி நன்றாகத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எப்படி என்று விக்டரின் மனைவியிடம் கேட்டு வந்தார். காந்தி மார்க்கெட்டில் ஒரு பரங்கிக்காய் வாங்கி, குளியலறையில் காலை நீட்டி உட்கார்ந்து, அதற்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினார். பரங்கிக்காய் அழாமல் சமர்த்தாகக் குளித்தது. இவருக்குத்தான் முழங்கால் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிவிட வந்த விக்டர் நிலைப்படியில் நின்று சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. மறுநாள் அது சாம்பாரானபோது, "குளிச்ச காய்க்கு ருசியே தனிதாம்ப்பா" என்றான் கணேஷ்குமார்.

வேட்டிகளையும் அவரேதான் கிழித்தார். நூல் உறுத்தக் கூடாதென்று ஓரத்தை மடித்துக் கையால் தைத்தார். தலையணைக்குக் கட்டிக் கட்டிப் பார்த்தார். நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டார்: முடிச்சு பக்கவாட்டில் வரவேண்டும், கட்டி முடித்ததும் ஒரு விரல் உள்ளே போகவேண்டும். பூரணி கட்டினாலும் விரலை விட்டுப் பார்ப்பார். "இறுக்கம். அவுத்துக் கட்டும்மா" என்பார். அவர் கட்டியதை அவள் பரிசோதித்து அதையே திருப்பிச் சொன்னால் சந்தோஷமாக அவிழ்த்துக் கட்டுவார்.

வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அன்றைக்கு அந்த நேரம் வந்ததும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூரணி குனிந்து வளையல்களை எண்ணுவதுபோல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"ஏறும்மா. போயிட்டு வா" என்றார் மாமனார்.

ஆட்டோ மலைக்கோட்டை வரைக்கும் போய், கீழேயிருந்தே தாயுமானவருக்கு ஒரு கும்பிடு போடவிட்டு, திரும்பி அதே வாசலுக்கு வந்தது. அவர் புதுச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "வாம்மா, பொறந்த வீட்டுக்கு வா" என்றார். ஆரத்தித் தட்டோடு பக்கத்தில் குழலி அத்தை நின்றாள்.

"ஏண்ணே, நீ என்ன தாயுமானவரா?" என்றாள் அத்தை. காவிரி வெள்ளத்தில் தாய் வரமுடியாமல் போன பெண்ணுக்குத் தாயாகவே வந்து பிரசவம் பார்த்த சாமி அல்லவா அவர்!

"அவரு சாமி, ட்ரையல் இல்லாம பாத்துட்டாரு. எனக்கு ட்ரையல் வேணாமா?" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். பூரணி மட்டும் சிரிக்க முடியாமல் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வாழ்நாளில் முதல் முறையாகப் பிறந்த வீடு கிடைத்திருந்தது.

மடித்த துணிகள் மடியில் அடுக்காகிவிட்டன. காபி ஆறிப்போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெரியவர் குரலை உயர்த்தினார்.

"பொண்டாட்டி நிறைமாசமா இருக்கா. கணேஷ் கொள்ளி வைக்கலாமா?"

"பெத்த அப்பனுக்கு என்னங்க தோஷம்?" குழலி அத்தையின் குரல் பட்டென்று வந்தது. "மத்தவங்கன்னாதான் விலக்கு. பெத்தவங்களுக்கு எதுவும் கிடையாது. ஓயாமரி சுடுகாட்டுக்கு அவந்தான் போவான், அவந்தான் வைப்பான்."

பூரணி துணிகளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். விக்டரின் மனைவி தடுக்கவில்லை. "படி இருக்கு, பாத்து மெதுவாப் போ" என்றாள்.

கொல்லைக் கதவருகில் அத்தை வந்து மறித்துக்கொண்டாள். "எங்கடி வர்ற?"

"அவரைப் பாக்கணும் அத்தை."

"சொன்னாக் கேக்க மாட்டியா? கூடாதுன்னா கூடாது."

"பெத்தவங்கன்னா விலக்கு இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது கணேஷுக்குடி. உனக்கு அவரு மாமனாரு."

"வளைகாப்பன்னிக்கு நான் ஆட்டோவுல வந்து எறங்கினது யார் வீட்டுக்கு? ஆரத்தி எடுத்தது நீங்கதானே அத்தை?"

அத்தை முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள் கடைசியில். "உங்கம்மாவுக்கு ஆன மாதிரி... நாளைக்கு ஒண்ணுன்னா அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"எனக்கு அந்தப் பயம் இல்ல அத்தை. அதை அவரு எடுத்துட்டாரு." பூரணிக்குக் குரல் உடைந்தது. "ஒரு தடவைகூட அவர்கிட்ட நன்றின்னு சொன்னதில்ல. சொல்ல வந்தாலே, பிள்ளை வரட்டும், மொத்தமா சொல்லிக்கலாம்பாரு."

அத்தை கொல்லை வேம்பில் ஒரு கொத்தை ஒடித்து, பூரணியின் இடுப்பில் செருகினாள். செருகிய கை வயிற்றின்மேல் ஒரு நிமிஷம் தங்கியது.

"கொஞ்ச நேரந்தான். சரியா?"

கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் கூட்டிப்போனாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "தள்ளிக்குங்க, பொண்ணு வருது" என்றாள் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படியாக.

கணேஷ்குமார் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் பயந்து எழுந்தான். பிறகு அத்தையைப் பார்த்துவிட்டு, பூரணியின் முழங்கையைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தான்.

பால் பூத்துக்குப் போகிற முகம்தான். திருநீறு கூடுதலாக இருந்தது. தாடையைச் சுற்றிப் பிள்ளைத் துணி. ஓரத்தில் அவர் கையால் போட்ட தையல் கொஞ்சம் கோணலாக ஓடியது. உச்சந்தலையில் விக்டர் பட்டறைக்காரர் போடுகிற முடிச்சாகப் போட்டிருந்தார். கன்னத்தில் துணி அழுந்திப் பதிந்திருந்தது.

பூரணி கையை நீட்டி முடிச்சை அவிழ்த்தாள்.

"அதை அவுக்காதம்மா" என்றார் யாரோ.

"விடுங்க" என்றார் விக்டர்.

துணியின் மடிப்பை நீவிவிட்டாள். மறுபடி தாடைக்கடியில் கொடுத்து, காதுக்கு மேலே பக்கவாட்டில், தளர்வாக முடிந்தாள். வளையல்கள் குலுங்கின. பிறகு துணிக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள்.

ஒரு விரல் தாராளமாக உள்ளே போனது.