நாய்க்கு ஒரு அட்வான்ஸ்

மன்னார்குடி ஆபீசில் வேலை கிடைத்து வந்த செவ்வந்திக்கு ஹமீதா பானு பின்கட்டை வாடகைக்கு விட்டபோது நாயைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அப்பா மருதையன் ஊரிலிருந்து அவர்கள் வளர்த்த நாய் பூச்சியைக் கயிற்றில் கட்டி, வாய்க்கால் கரையோரமாக நடத்தியே கூட்டி வந்ததும்தான் வில்லங்கம் ஆரம்பித்தது.

"நாயி இருக்கட்டும். அதுக்குத் தனியா ஒரு அட்வான்ஸ் குடுத்துரு," என்றாள் ஹமீதா பானு. "நான் தொழுவுற எடத்துல வாய வச்சா, கழுவி வெள்ளையடிக்கிறது யாரு?"

"ஒரு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுங்க. சட்டம் இருக்கு."

"சட்டத்துல நாயி இருக்கா?"

"இல்லீங்க. அதான் கேக்கக் கூடாதுங்கறேன்."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள நாய ஊருக்கு அனுப்பிரு."

பூச்சியை அனுப்ப முடியாது. கூலிச் சண்டை வருஷத்தில் சேரித் தெருவுக்குள் பண்ணையின் அடியாட்கள் நுழைந்தபோது முதலில் குரைத்து எழுப்பியது அதுதான். அது காலடியில் படுத்தால்தான் இன்றைக்கும் செவ்வந்திக்குத் தூக்கம் வரும். வீட்டையும் விட முடியாது. சேரிப் பெண் என்று தெரிந்தும் வீடு கொடுத்தவள் இந்த ஊரில் ஹமீதா பானு ஒருத்திதான்.

மறுநாள் காலை செவ்வந்தி கண் விழித்தபோது அப்பாவைக் காணோம். கொல்லையில் வீட்டுக்காரியின் மாட்டுக் கொட்டகையைக் கூட்டி, சாணியை அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, விழுந்து கிடந்த தென்னமட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"அவுங்க மனையில இருக்கோம் ஆயி. நாயி வேற. சும்மா இருக்கலாமா?"

"வாடகை குடுக்குறேம்ப்பா."

"அது உனக்கு. நாய்க்கு?"

குடியிருப்புச் சட்டம் வந்து, பண்ணைக்குச் சொந்தமாயிருந்த குடிசை மனைக்குப் பட்டாவும் கைக்கு வந்த பிறகும், பண்ணை வீட்டுக் கொல்லையைக் கூட்டிவிட்டுத்தான் வயலில் இறங்குகிற மனுஷர். பி.ஏ. படித்த மகளின் வாடகை வீட்டுக்கும் அந்த வழக்கத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

கொல்லைக்கு வந்த ஹமீதா பானு கொட்டகையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட்வான்ஸ் வேணாம்மா. பெரியவரு வர்றப்ப போறப்ப இப்படி ஒரு கை பாத்தாப் போதும். நாயி இருக்கட்டும்."

கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு ஏன் உடம்பு எரிகிறது? செவ்வந்தி உள்ளே போய், அரிசிப் பானையில் செருகியிருந்த பணத்தை எடுத்துவந்து நீட்டினாள்.

"நாய்க்கு அட்வான்ஸ். வாங்கிக்குங்க."

"அதான் வேணாங்கறேனே. நேத்து சட்டம் பேசுன?"

"இன்னைக்கும் சட்டம் அதாங்க. நீங்க வாங்குறது தப்புதான். வாங்கிக்குங்க."

ஹமீதா பானு பணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "உனக்குப் பித்தா? வாங்குனாலும் தப்பு, வாங்காட்டியும் கோவமா?" என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

ஜெயித்தோமா தோற்றோமா என்று செவ்வந்திக்குப் புரியவில்லை. விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி மருதையன் இரண்டு பேரையும் பார்த்தார்.

"அப்ப மிச்சக் கொல்லைய யாரு கூட்டுறது, ஆயி?"

பூச்சி எழுந்து, கூட்டின இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.