இரண்டு வாய், ஒரு கரண்டி

மீனில் முள் இருக்கிறதா என்று அவள் இரண்டாம் முறையும் விரலால் நசுக்கிப் பார்த்தாள். முட்டையின் மஞ்சள் கரு, மசித்த காரட், அதோடு மீன். கிண்ணம் தயாரானதும் முதலாளியம்மாவின் ஒன்றரை வயது மகனை நாற்காலியில் உட்கார்த்தி, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள்.

போனில் அவளுடைய மகள், ஊரில், நாத்தனார் மடியில். அவளுக்கும் ஒன்றரை வயதுதான். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு சின்ன உடம்பு. அம்மா முகத்தைப் பார்க்காமல் ஒரு வாய் உள்ளே போகாது, அப்படியொரு பிடிவாதம்! அதனால்தான் பதினோரு மணிக்கு இங்கேயும் அங்கேயும் ஒன்றாகச் சாப்பாடு. இந்த வீட்டில் வேறு யாரும் அவளோடு உட்கார்ந்து பேசுவதில்லை. நாள் முழுக்க அவள் காத்திருப்பதே இந்த அரைமணி நேரத்துக்குத்தான்.

மூன்று மாதமாக மகளுக்கு எடை கூடவில்லை. வெள்ளிக்கிழமையும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று ஊர் நர்ஸ் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு என்ன குடுக்குற?"

"சோத்தைக் கரைச்சு வெச்சிருக்கேன் அண்ணி. கூட நீங்க அனுப்புன பிஸ்கட்டு."

"ஒரு முட்டை அவிக்கக் கூடாதா? அத்தனை கோழி வளக்குறியே!"

"நல்லாக் கேட்டீங்க போங்க. முட்டைய நாமளே தின்னுட்டா அரிசிக்கு எங்க போறது? காலையிலயே டவுனுக்கு ஏத்தியாச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அடுப்பு மேடையில் இருந்த அட்டைப்பெட்டியில் 'கிராமத்து முட்டை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"என் தங்கம், ஆ காட்டு பாப்போம்!"

இரண்டு வாய்களும் திறந்தன. கரண்டி பையனின் வாய்க்குள் போனது. அதே நொடி அங்கே நாத்தனார் ஊட்டிவிட்டாள். மகள் விழுங்கிவிட்டுச் சிரித்தாள். அம்மாதான் ஊட்டினாள் என்று அந்தப் பைத்தியத்துக்கு நினைப்பு. நான்கு வாய் நன்றாகப் போனது.

"ஐயோ, போனா?" முதலாளியம்மா உள்ளே வந்தாள். "சாப்பிடும்போது கண்ணுல காட்டவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காரும்மா."

"இல்லம்மா... என் பொண்ணு..."

"புரியுது. அப்புறமா பேசிக்கோ. சாப்பாட்டு நேரத்துல மட்டும் இனிமே வேண்டாம், சரியா?" மகனின் கன்னத்தைக் கிள்ளினாள். "என்ன இருந்தாலும் உன் கைராசிதான். எப்படித் தேறிட்டான் பாரு!"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அணைக்க மனம் வரவில்லை.

"அண்ணி? எங்க போனீங்க?" கவிழ்ந்த போனிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "ஊட்டுனா துப்புறா அண்ணி. உங்களத் தேடி வாயத் திறந்துக்கிட்டே உக்காந்திருக்கா."

அவள் கரண்டியைத் தூக்கினாள். பையன் வாங்கிக்கொண்டான்.