டியெனாவின் பெயர்நாள்

குங்குமப்பூ போட்ட பெரிய வளைரொட்டியைத் தன் கையாலேயே சுட்டு மேசை நடுவில் வைத்தார் விஸ்வால்டிஸ். சுற்றிலும் தட்டுகளை அடுக்கினார். லாட்விய நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் சில பெயர்கள் இருக்கும்; அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்று கொண்டாட்டம். இன்றைய தேதிக்குக் கீழே அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. இன்று அவருடைய பெயர்நாள்.

"யாருக்குய்யா இத்தனை தட்டு? யாரைக் கூப்பிட்டே?" என்றாள் மனைவி டங்குவோலே.

"பெயர்நாளுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. பிரியமானவங்க தானா வருவாங்க."

"அது உங்க ஊர்ல! எங்க லிதுவேனியாவுல கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூச்சப்படுவாங்க. நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரவா?"

"நீ சொன்னியோ, நான் கொட்டில்ல போய் உக்காந்துக்குவேன்."

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்! அறுபது வயதில் கல்யாணம் செய்துகொண்டு, எல்லை தாண்டி மனைவி ஊருக்கே குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. புதுப் பாஷை பாதிதான் ஏறியிருந்தது. இரண்டு பாஷையிலும் 'நாள்' என்பதற்கு ஒரே சொல்தான், டியெனா. அதில் மட்டும் அவர் நாக்கு இடறாது. அதனால் விடிகாலையானாலும் பொழுது சாய்ந்தாலும், எதிர்ப்பட்டவருக்கெல்லாம் 'நல்ல டியெனா' என்றே வணக்கம் வைத்தார். ஊரும் அவருக்கு டியெனா என்றே பெயர் வைத்துவிட்டது. பார்த்தால் சிரிப்பார்கள், பேசுவார்கள். ஆனால் வேலி தாண்டி ஒருவரும் உள்ளே வந்ததில்லை. தான் இவர்களுக்கு உறவா, இல்லை வெறும் வேடிக்கையா? அது இன்று தெரிந்துவிடும் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

மதியம் போயிற்று. காப்பி ஆறியது. வாசலில் காக்காய் கூட எட்டிப்பார்க்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு வைடோடாஸ் வந்தார். "மாப்ளே, உன் ஏணி கொஞ்சம்..." மேசையைப் பார்த்ததும் பின்வாங்கினார். "ஐயய்யோ, விருந்தாளி வர்ற நேரமா? அப்புறமா வர்றேன்."

"உக்காருய்யா!"

விஸ்வால்டிஸ் போட்ட அதட்டலில் மனிதர் உட்கார்ந்தே விட்டார்.

ஏணிக்குப் போன புருஷனைக் காணோமே என்று ஏசிக்கொண்டே ஓடிவந்தாள் கெனோவைடே. ரொட்டித் துண்டு கைக்கு வந்ததும் ஏச்சு நின்றது. அவள் ஓடிய வேகத்தைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி வந்தார்கள் எதிர்வீட்டு அக்காளும் தங்கையும். அவர்களுக்கும் தட்டு இருந்தது.

"என்னப்பா விசேஷம், டியெனா?" என்று கேட்டாள் அக்காள்.

"என் பெயர்நாள்."

"அட! ஆமா, உன் நெசப் பேருதான் என்ன?" என்றார் வைடோடாஸ்.

சொன்னார். வைடோடாஸ் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "வாயில நுழைய மாட்டேங்குதே! நீ டியெனாவாவே இருந்துட்டுப் போ."

வீடே சிரித்தது. விஸ்வால்டிஸும் சிரித்தார்.

அடுப்படியில் டங்குவோலே மெல்லக் கிள்ளினாள். "ஒருத்தரும் உன் பெயர்நாளுக்குன்னு வரலை, தெரியுதா?"

"கூப்பிடாமத்தானே வந்தாங்க!" வீம்பாகச் சொன்னாரே தவிர, உள்ளே உறுத்தியது. ஏணி மட்டும் வேண்டியிராவிட்டால் யார் வந்திருப்பார்கள்?

விடைபெறும்போது கெனோவைடே வேலியருகே நின்றாள். "அடுத்த வருஷமும் இதே தேதிதானே?"

"ஆமா. ஆனா நான் கூப்பிட..."

"கூப்பிட்டுத் தொலைக்காதே. சொந்தக்காரிக்கு என்ன அழைப்பு வேண்டிக்கிடக்கு?"

இருட்டிப்போன அந்த நேரத்திலும், "நல்ல டியெனா!" என்று வணக்கம் வைத்தார் விஸ்வால்டிஸ்.