பம்புக்குப் பணயம் வைத்த மீசை

தீர்த்தகிரியின் லாரி நிற்பதற்கு இந்த உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை. பாகலூரில் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் புறப்பட்ட அந்தக் கிழட்டு வண்டி, இரண்டு முறை இருமி, ஒரு முறை விக்கி, ஓசூருக்குள் நுழையும் இடத்தில், மிகச் சரியாக லால் பாஷாவின் பட்டறை வாசலில் உயிரை விட்டது. பட்டறையின் நெற்றியில் ‘டீசல் டாக்டர் லால் பாஷா’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. மருத்துவக் கல்லூரியின் வாசற்படியைக்கூட மிதியாத ஒருவர் தம் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று தீர்த்தகிரி பலகை மாட்டிய நாளிலிருந்து கேட்டுவருகிறார். பதில் சொல்வாரில்லை.

“வா ணா, வா. டீ குடிக்க நிறுத்தினியா?” என்றார் லால் பாஷா, கையைத் துணியில் துடைத்தபடி.

“ஆமா பாய். டீ குடிக்கத்தான்.”

“நடு ரோட்டுலயா?”

எதிரிலிருந்த டீக்கடையில் சாந்தம்மா சிரித்தாள். நான்கு பேர் கிளாசோடு எழுந்து வந்தார்கள். எண்பத்தாறாம் ஆண்டில் ஓசூரில் தொழிற்சாலைகள் எத்தனையோ வந்துவிட்டிருந்தன. ஆயினும் நின்றுபோன லாரியைப் போல மனிதர்களை இழுக்கும் பொருள் வேறொன்றில்லை.

தீர்த்தகிரிக்கு மெய்யான வருத்தம் வண்டி நின்றதிலன்று. டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி எஞ்சினுக்குத் தள்ளும் பம்பை முந்தின வெள்ளிக்கிழமைதான் அவர் தம் கையாலேயே மாற்றியிருந்தார். பழையதைக் கழற்றி, புதியதை வாங்கிப் பூட்டி, “டாக்டரும் வேணாம், நர்சும் வேணாம்” என்று இதே டீக்கடையில் மார்தட்டியும் இருந்தார். அன்றிலிருந்து வண்டி கிளம்பும். ஐந்தாறு மைல் ஓடும். மேடு வந்தால் படுத்துவிடும்.

“பம்பு போச்சு ணா,” என்றார் லால் பாஷா, வண்டியைத் தொடாமலே.

“புதுப் பம்பு பாய். வாய்க்கு வந்தத பேசாத.”

“புதுசுன்னா கெடாதா? புது மாப்பிள்ளைங்க எத்தினி பேரு கெட்டுப் போயிருக்கறான்.”

கூட்டம் சிரித்தது. தீர்த்தகிரிக்கு முகம் சிவந்தது. அவர் கை தானாக மீசைக்குப் போயிற்று. அது சாதாரண மீசையன்று. கன்னத்தில் கிளம்பி, காதை விசாரித்து, மேல்நோக்கி வளைந்து நிற்பது. எல்லைச் சோதனைச் சாவடியில் அதைக் கண்டதும் தாள்களைக் கேளாமலே கம்பத்தைத் தூக்கிவிடுவார்கள். இருபது ஆண்டு எண்ணெய் அதில் ஊறியிருந்தது.

“எல்லாரும் கேளுங்க! பம்பு நல்ல பம்பு. கெட்டதுன்னு இந்த ஆளு காட்டட்டும், இங்கயே மீசைய எடுத்துடறேன்.”

“நல்லதுன்னு ஆச்சுன்னா?”

“பலகையில ‘டாக்டர்’ இருக்கக் கூடாது.”

“அய்யோ, சும்னே இரப்பா!” என்று சாந்தம்மா கன்னடத்தில் அடக்கப் பார்த்தாள். யாரும் அடங்கவில்லை. அடுத்த கடை முடிதிருத்துநர் சுடலைமுத்து, திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவர், கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடியே வந்து நின்றார்.

“மெதுவாப் பாருங்க அண்ணாச்சி. நமக்கு ஒண்ணும் அவசரமில்ல வே.”

சோதனை தொடங்கியது. டாங்கியில் குப்பை என்றார் தீர்த்தகிரி. குழாயைக் கழற்றி வாயால் ஊதினார்கள். டாங்கிக்குள் குமிழி தாராளமாகக் கொப்புளித்தது. மூடியின் காற்றுத்துளை அடைப்பு என்றார். ஊசி தடையின்றிப் போய்வந்தது. ஃபில்டர் என்றார். அது பச்சைக் குழந்தையின் முகம்போலத் துப்புரவாக இருந்தது. ஒவ்வொன்றும் தேறத் தேற, சுடலைமுத்து ஓரடி நெருங்கி வந்தார்.

பிறகு லால் பாஷா பம்பின் மேலிருந்த கைப்பிடியை அழுத்தி அழுத்தி எடுத்தார். டீசல் பீறிட்டது. எஞ்சினைச் சுற்றவிட்டார். சொட்டுச் சொட்டாக வந்தது.

“கையால அடிச்சா வருது. எஞ்சின் சுத்தினா அழுவுது. வேற யார சொல்றது? நீ போட்டத நீயே கழட்டு ணா.”

தீர்த்தகிரி குனிந்து இரண்டு நட்டுகளையும் கழற்றினார். பம்பு கைக்கு வந்தது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே வைத்திருந்த பேக்கிங் அட்டை அவர் உள்ளங்கையில் விழுந்தது. லால் பாஷா அதைப் பார்க்கவில்லை. அவர் தம் அலமாரியிலிருந்து வேறொரு பம்பை எடுத்து, அதற்கு மெல்லிய தாளில் பேக்கிங் வெட்டிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தால் கூட்டத்துக்குப் பாடமும் நடத்தினார்.

“இது தாளாட்டம் இருக்கணும். தடியா வெச்சா பம்பு தள்ளிப் போயிடும். உள்ள இருக்கற தண்டு எட்டாது. முழுசா தள்ளாது, பாதிதான் தள்ளும்.”

தீர்த்தகிரியின் உள்ளங்கையில் இருந்தது மூன்றடுக்கு அட்டை. வீட்டிலிருந்த கல்யாணப் பத்திரிகைகளுள் ஆகக் கெட்டியானதைத் தேடியெடுத்து, எண்ணெய் கசியக் கூடாதென்று மும்மடியாக அவரே வெட்டி வைத்தது. அவர் கை சட்டென்று மூடிக்கொண்டது.

புதிய பம்பைப் பூட்டி, காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினார்கள். எஞ்சின் உறுமியது. பாகலூர்ச் சாலை மேட்டில் முழுப் பாரத்தோடு இரண்டு முறை ஏறி இறங்கியது. ஒரு விக்கல் இல்லை. கூட்டம் கைதட்டியது.

சுடலைமுத்து கொண்டுவந்து போட்ட நாற்காலியில் தீர்த்தகிரி அமர்ந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு விழுந்தது. சோப்பு நுரை மீசையில் ஏறியது. மூடிய கைக்குள் அட்டை வியர்த்தது. வாயைத் திறந்தால் மீசை பிழைக்கும்; பம்பை மாற்றத் தெரியாத டிரைவர் என்ற பெயர் கிருஷ்ணகிரி வரைக்கும் ஓடும். வாயை மூடினால் பெயர் பிழைக்கும். மீசை குப்பைக்குப் போகும். போகட்டும், மயிர்தானே, மறுபடி முளைக்காதா என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். குற்றமற்ற பம்பு ஒன்று எதிரே மண்ணில் கிடந்தது. அதைப் பார்க்காமலிருக்க சாலையோர மரத்தைப் பார்த்தார்.

‘சரக்.’ இடப்பக்க முனை, ஓரங்குலம், துண்டின்மேல் விழுந்தது.

“நிறுத்துடா!” என்று தீர்த்தகிரி அலறினார். “பம்பு நல்ல பம்பு! கெட்டவன் நான்தான்!” கையை விரித்தார்.

லால் பாஷா அட்டையை எடுத்துப் பிரித்தார். பளபளப்பான பிறைச் சித்திரத்தின் கீழ், பாதி வெட்டுப்பட்ட பொன்னெழுத்து: ‘அதியா’.

“எம் பொண்ணு பத்திரிகைய்யா இது! இதையா எஞ்சின்ல வெச்ச?”

“ஊருல எவன் பத்திரிகையும் இவ்ளோ கெட்டியா இல்ல பாய். நம்பி வெச்சேன்.”

“அட்டைக்கி நான் எம்மாம் செலவு பண்ணேன் தெரியுமா!”

“அந்தச் செலவுதான் என் வண்டிய நிறுத்துச்சி. கோளாறு உன் ஊட்டு அட்டையில!”

சாந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லால் பாஷா சிரிக்கவில்லை. அவர் தொழிலில் ஒழுங்குடையவர். மண்ணில் கிடந்த பம்பை எடுத்துக் கழுவி, மெல்லிய தாள் வைத்து, மீண்டும் பூட்டினார். முக்கால் மணி நேரம் தீர்த்தகிரி நுரை காய்ந்த முகத்தோடு காத்திருந்தார். பிறகு அதே மேட்டில் அதே லாரி அதே பாரத்தோடு ஏறியது. ஒரு விக்கல் இல்லை.

லால் பாஷா இறங்கினார். அவரே ஏணியைச் சாத்தி, கறுப்புப் பெயிண்டில் பிரஷைத் தோய்த்து, ‘டாக்டர்’ என்பதன்மேல் ஒரே இழுப்பாக இழுத்தார். ‘டீசல்’ ஒரு பக்கமும் ‘லால் பாஷா’ மறுபக்கமுமாக நின்றன.

“சந்தோசமா ணா?”

“பாதி சந்தோசம் பாய்,” என்றார் தீர்த்தகிரி, இடக்கன்னத்தைத் தடவியபடி.

சுடலைமுத்து கத்தரியோடு குனிந்தார். “அந்தப் பக்கமும் ஓரங்குலம் எடுத்துச் சமமாக்கிருதேன் அண்ணாச்சி. பாக்க நல்லாருக்கும்.”

“கை வெக்காத! செயிச்ச மீசைடா இது. எப்பிடி செயிச்சுதோ அப்பிடியே இருக்கட்டும்.”

ஒரு முனை வானத்தையும் மறுமுனை காதையும் காட்ட, தீர்த்தகிரி வண்டியேறினார். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கிருஷ்ணகிரிப் பக்கம் திருப்பினார்.