வியாழக்கிழமைத் திதி

ஐப்பசி பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போது, அஜந்தாவின் போனிலிருந்த நாட்காட்டிச் செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவும் செய்தது. குடும்பம் முழுக்க ஒரே நாட்காட்டியைப் பார்க்கலாமாம். இங்கே குறித்தது கடல் கடந்தவர்களுக்கு அவர்களுடைய நேரத்தில் தெரியுமாம். இறந்த நாளைக் கொடுத்தால் இந்த வருடத்துத் திதியையும் அதுவே பார்த்துச் சொல்லுமாம். பல்லி விழும் பலன் ஒன்றுதான் பாக்கி.

ஊரில், இறுப்பிட்டியில் இருக்கும் அஜந்தாவுக்கு அந்தத் திதி விஷயம்தான் கண்ணில் பட்டது. ஐப்பசி வந்தால் அப்பா ஐயாத்துரை போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முதல் வருடத்து ஆட்டைத் திவசத்தைச் செய்ய அண்ணன் வசீகரன் கனடாவிலிருந்து வரப்போகிறான். பதினான்கு வருடம் அகதி வழக்கில் இழுபட்டவன். அப்பா செத்தபோது கையில் பாஸ்போர்ட் இல்லை; இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அஜந்தாவின் புருஷன் தயாபரன் கொள்ளி வைத்ததை வீடியோவில் பார்த்துத்தான் அழுதான். "திவசத்தையாவது என்ரை கையாலை செய்யவேணும்" என்று அதன்பிறகு பேசும்போதெல்லாம் சொன்னான்.

அஜந்தா அப்பாவின் நாளைக் கொடுத்தாள். செயலி ஏதோ கேட்டது. பதிலையும் தானே போட்டு வைத்திருந்தது. அவள் வாசிக்காமல் ‘சரி’யை அழுத்தினாள். வியாழக்கிழமை என்று வந்தது. அண்ணனின் போனிலும் அந்தக் கணமே வந்தது.

"ஐயரையும் ஒருக்கால் கேள், பிள்ளை" என்றாள் தாய் சறோஜினிதேவி.

"போனே சொல்லுது அம்மா. ஐயரும் புத்தகம் பார்த்துத்தானே சொல்லுவார்."

புதன் இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வியாழன் காலையில் வீடு வந்து சேருகிற மாதிரி வசீகரன் டிக்கெற் போட்டான். வேலையில் ஒரு கிழமை, ஏழே நாள்தான் லீவு.

அந்தக் கிழமை செவ்வாய் பின்னேரம், அப்பாவின் திதியைக் குறித்து வைத்திருந்த ஐயர் தானே போன் எடுத்துக் கேட்டார்.

"பிள்ளை, நாளைக்குப் பத்து மணிக்கு வாறன். சாமானெல்லாம் ஆயத்தமோ?"

"வியாழன், நாளையிண்டைக்கு எல்லோ ஐயா?"

"வியாழன் காலமையோடை திதி முடிஞ்சிடும். புதன்தான். நீர் எதைப் பார்த்தனீர்?"

அவள் சொன்னாள்.

"அது திருக்கணிதம் பார்த்திருக்கும். உங்கடை ஆக்களுக்கு எப்பவும் வாக்கியம்தானே."

இரண்டு பஞ்சாங்கத்துக்கும் திதி முடிகிற நேரம் கொஞ்சம் முன்பின்னாக வரும்; சில வருடம் அது நாளையே மாற்றிவிடும். செயலி அன்று கேட்டது எந்தப் பஞ்சாங்கம் என்றுதான். இறுப்பிட்டியில் சின்னப்பிள்ளையும் சொல்லக்கூடிய பதில்.

"ஒருநாள் பிந்திச் செய்ய ஏலாதோ ஐயா? அண்ணை வாறார்."

"திதி தப்பினால் அமாவாசைக்குத்தான் செய்யலாம். அதுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு." ஐயரின் குரலும் இறங்கிப் போயிருந்தது.

பன்னிரண்டு நாளில் அண்ணன் திரும்பிப் போயிருப்பான். அஜந்தா போய்த் தாயிடம் சொன்னாள். சொல்லி முடித்தபோது தாய் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இருந்தது.

"செத்த மனுசன் நாளைக்கு வந்து வெறும் இலையைப் பார்த்திட்டுப் போறதோ? தயாவே செய்யட்டும்" என்றாள் தாய்.

கனடாவில் அப்போதுதான் விடிகிறது. பிளேன் பின்னேரம்தான். அஜந்தா போனைக் கையில் எடுத்தாள்.

"இப்ப சொல்லாதை. வழி முழுக்க அழுதுகொண்டு வருவான்" என்றாள் தாய்.

அஜந்தா போனை வைத்துவிட்டாள். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அதை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

புதன்கிழமை தயாபரன் தர்ப்பை போட்டு எல்லாம் முறையாகச் செய்தான். அப்பாவுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியும் இலையில் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, மகன் இல்லாததைத் தவிர.

வியாழன் ஏழு மணிக்கு வான் வந்து நின்றது. வசீகரன் தாயைக் கட்டிப்பிடித்துக் கனநேரம் அழுதான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குளிச்சிட்டு வாறன். ஐயர் எத்தனை மணிக்கு வாறார்?" என்று கேட்டான்.

தாய் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அஜந்தாதான் சொன்னாள். பஞ்சாங்கத்தையும் சொன்னாள், தான் வாசிக்காமல் அழுத்தியதையும் சொன்னாள். அவன் கோபிக்கவில்லை. விளங்காதவன்போல அவளையே பார்த்தான்.

"ஆர் செய்தது?"

"இவர்தான்."

"போன வருசமும் அவர்தானே." சூட்கேஸைப் பிடித்தபடியே கதிரையில் இருந்தான். "பிளேனிலை தந்த ஒண்டையும் தொடேல்லை. அப்பாவுக்கு விரதமெண்டு சொல்லித் திருப்பிக் குடுத்தனான்."

இரண்டு நாள் பட்டினி. நேற்றே சொல்லியிருந்தால் வழியில் ஏதாவது சாப்பிட்டிருப்பான். அஜந்தா குசினிக்குப் போய் அழுதாள். அழுதபடியே உலை வைத்து, சோறும் பருப்பும் ஆக்கிக் கொண்டுவந்தாள்.

"சாப்பிடு மோனை" என்றாள் தாய்.

அவன் கை கழுவிக்கொண்டு வந்து இருந்தான். சோற்றைப் பிசைந்து முதல் பிடியை எடுத்தவன், அதை அப்பாவுக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு தானே சாப்பிட்டான்.