மூன்றாவது டேப்

மூன்றாவது டேப் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. உள்ளே நாடா முன்னும் பின்னும் இழுபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கி, டிரைவில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ரோகிணி அதன் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பழைய சர்வரில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருக்கும்போதே பழையதன் டிஸ்க்குகள் செத்துப்போயின. மிஞ்சியவை பேக்கப் டேப்புகள் மட்டும். அவற்றைப் படிக்க இருப்பது இந்த ஒரு டிரைவ். இந்த மாடலை இப்போது எவரும் தயாரிப்பதில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே விருமாண்டி நின்றிருந்தார். வாடிப்பட்டிக்காரர், விவசாயி. அவர் மனைவி அழகம்மாள் கீழே வார்டில் இருந்தாள். சில வருடங்களுக்கு முன் இங்கேதான் அவளுக்கு முதுகில் இருந்த புற்றுக்கட்டிக்குக் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். இப்போது கட்டி அதே இடத்தில் திரும்ப வந்து தண்டுவடத்தை அழுத்துகிறது.

டாக்டர் பிருந்தா காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "போன தடவை தண்டுவடத்துல எவ்வளவு போச்சுன்னு தெரியாம நான் மறுபடி கரண்ட் வைக்க முடியாது ரோகிணி. அளவு மிஞ்சினா அதுவே காலை முடக்கிரும். வைக்காம விட்டா கட்டி முடக்கிரும். நேத்து அந்தம்மா நடந்து வந்தாங்க. இன்னைக்கு முடியல."

அந்தக் கணக்கு டிஸ்சார்ஜ் காகிதத்தில் இல்லை. மூன்றாவது டேப்பில்தான் இருந்தது.

ரோகிணி கதவைத் திறந்தாள். "இந்த டேப்புக்கு இன்னொரு காப்பி இருக்குண்ணே. வாடிப்பட்டி ரோட்டுல நம்ம ஆஸ்பத்திரி குடோன்ல."

"நம்ம ஊருதான மேடம். போன் போட்டு மட்டும் சொல்லிருங்க. நான் போய் எடுத்துட்டு வாரேன்."

வெயில் சாய்வதற்குள் வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துண்டில் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றிக் கொண்டுவந்ததை மேசையில் வைத்துப் பிரித்தார். குடோன் கூரை ஒழுகியிருக்கிறது. டேப்பின் உறையில் கரையான் மண். ரோகிணி துடைத்துவிட்டு மூடியைத் தள்ளிப் பார்த்தாள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அதைத் துடைக்க அவளிடம் எந்த வழியும் இல்லை.

மேலதிகாரி அனந்தநாராயணனுக்குப் போன் செய்தாள்.

"அதை டிரைவ்ல போட்றாதீங்க. டேப்பைப் படிக்கிற ஹெட் போச்சுன்னா மத்த டேப்பும் அவ்வளவுதான். சென்னைக்கு அனுப்பலாம், சுத்தம் பண்ணித் தருவாங்க."

"எம்புட்டு நாள் சார் ஆகும்?"

"ரெண்டு வாரம் கேக்குறாங்க."

மீதி டேப்புகளை முதலில் படித்துவிட்டுக் கடைசியாக இதைப் போடலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பகல் பிடிக்கும்; அழகம்மாளுக்கு அவ்வளவு நாள் இல்லை. மேசையில் இன்னும் படிக்காதவை வரிசையாக இருந்தன. அவற்றுக்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் யாருக்கு எப்போது கட்டி திரும்ப வரும் என்று யாருக்குத் தெரியும். கீழே கோரிப்பாளையம் சந்திப்பில் பஸ்கள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"என்ன மேடம் சொல்றாரு?"

எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் அந்த டேப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுகளுக்கும் வீட்டுல ஆளுக இருப்பாகள்ல," என்றார். துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, "இருந்தாலும் போடுங்க மேடம்," என்றார்.

மேசை மேல் போன் மறுபடி அடித்தது. அனந்தநாராயணன்தான். ரோகிணி அதைக் கவிழ்த்து வைத்தாள். டேப்பை டிரைவின் வாயில் வைத்துத் தள்ளினாள். அது உள்ளே இழுத்துக்கொண்டது. மணலை அரைப்பதுபோல ஒரு சத்தம். நிறுத்திவிடலாமா என்று கை போனது. அதற்குள் திரையில் முதல் நோயாளியின் எண் விழுந்தது. அதன் கீழே இன்னொன்று.

விருமாண்டி அருகில் வந்தார். திரையைத் தொடாமல் ஒரு விரலை நீட்டி, ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

"இதுல அவ எது மேடம்?"

"இன்னும் வரலண்ணே."

வரிகள் மெதுவாகின. பிறகு நின்றன. அவர் விரலும் கடைசி எண்ணுக்கு நேரே அப்படியே நின்றது. உள்ளே நாடா பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போனது. ஒரு வரி விழுந்தது. விரல் ஒரு வரி கீழே இறங்கியது.