கூடுதலாக வைத்த தட்டு

1

இந்தக் கதை என் கோபத்திலிருந்து பிறந்தது. இந்த வருடம் ஏலாக்குறிச்சி மாதா கோவில் திருவிழாவில் எல்லோரும் தட்டுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் நின்றவர், "யாரோ கட்டுன பாட்டாம்" என்றார். யாரோ அல்ல. வரதராஜன்பேட்டையில் ஜெபமும் வேதபாடமும் நடத்திய உபதேசியார் சவரிமுத்துவின் மகள் ஜெயராணி. என் தங்கை. இதை எழுதிவைப்பது என் கடமை.

2

முதல் தொடக்கம்: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கோவில் பாட்டுக்கு—

(வேண்டாம். துக்க வீட்டு வாசலில் நின்று குடும்பப் பெருமை பேசக் கூடாது. ஆனால் அது உண்மை. வாசகர் மனதில் வைத்துக்கொள்ளவும்.)

இரண்டாம் தொடக்கம்: பீடத்தின் முன் முழந்தாளிட்டிருந்த ஜெயராணியின் செவியில், வானத்திலிருந்து—

இதைப் படித்துக் காட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். "ஏண்ணே, நான் சோத்துக் குண்டானோடதானே நின்னேன். முழங்கால் போட எங்க நேரம்?"

சரி. குண்டானிலிருந்தே தொடங்குகிறேன்.

3

ஜெயங்கொண்டம் சாலையில் லாரி மோதி, விண்ணரசியின் ஒரே மகன் லியோ பிரபு போய்விட்டான். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோவார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் அது ஜெயராணியின் முறை.

விண்ணரசி பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. வந்தவர்கள் எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார்கள். "அவருக்கு வேற வூடே தெரியலையா?" என்று ஒருமுறை கேட்டாள்.

லியோ, ஜெயராணியின் பாடற்குழுவில் இருந்தவன். பயிற்சி முடிந்தால் அவன் வீட்டில்தான் அவளுக்கும் சாப்பாடு, பரிமாறுவதும் அவள்தான். கை பழகிவிட்டது. அவன் அப்பா அடைக்கலசாமிக்கு ஒரு தட்டு, விண்ணரசிக்கு ஒன்று, லியோவுக்கு ஒன்று. மூன்றாவது தட்டு தரையில் பட்ட சத்தத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

(இந்த இடத்தை அடித்துவிடத்தான் நினைத்தேன். உபதேசியார் வீட்டுப் பெண் துக்க வீட்டில் இப்படிச் செய்தாள் என்று நாலு பேர் பேசுவார்கள். "அதை எடுத்துட்டா அப்புறம் பாட்டு ஏதுண்ணே?" என்கிறாள். மனமில்லாமல் விட்டுவைக்கிறேன்.)

4

அடைக்கலசாமி அந்தத் தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"எடுக்காதீங்க" என்றாள் விண்ணரசி.

ஜெயராணி வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "அது... மாதாவுக்கு இருக்கட்டுங்க்கா. அவங்களும் புள்ளைய அடக்கம் பண்ணுனவங்கதானே."

விண்ணரசி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அவ சாப்பிட்டாளா?"

"தெரியலக்கா."

"உபதேசியார் மவ. உனக்கே தெரியாதா?"

"எந்தப் பிரசங்கத்துலயும் சொல்லலக்கா."

"அப்ப அவளையே கேளு."

ஜெயராணி கேட்டாள். பாடித்தான் அவளுக்குக் கேட்கத் தெரியும். வந்தது ஒப்பாரி மெட்டு. (ஜெபத்தில் ஒப்பாரி கூடாது என்பது எங்கள் அப்பா வைத்த கட்டுப்பாடு. அவர் அன்று அங்கே இருந்திருந்தால்— தெரியவில்லை.)

அன்றைக்கு நீ சாப்பிட்டாயோ, அம்மா?
உனக்கும் ஒரு தட்டு வைத்தேன்.
நீ கை நனைத்தால் நானும் நனைப்பேன்.

கடைசி அடி ஜெயராணி கட்டியதல்ல, விண்ணரசி சொன்னது. பாட்டு முழுவதும் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமல்ல என்று இதோ, என் கையாலேயே எழுதிவிட்டேன்.

5

முடிவு ஒன்று: விண்ணரசி அப்போதே சாப்பிட்டாள். எங்கள் உறவினர்களுக்கு இது பிடிக்கும்.

முடிவு இரண்டு: பாட்டு முடிந்தும் மூன்று தட்டுச் சோறும் ஆறிப்போய்—

எது நடந்தது என்று தங்கையைக் கேட்டேன். "அதை விண்ணரசி அக்காதானே சொல்லணும்" என்றாள். விண்ணரசியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். திருவிழாவில், என் பக்கத்தில் நின்றவர் 'யாரோ கட்டுனது' என்றாரே, அதே பாட்டின்போது விண்ணரசி கொஞ்சம் தள்ளிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் பாடவில்லை. 'உனக்கும் ஒரு தட்டு' என்ற இரண்டாம் அடி வந்ததும் சேலையை ஒதுக்கி, நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டாள். அவ்வளவு நெரிசலிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. எனக்கு முழங்கால் வலி. ஆனாலும் நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

அடுத்த திருவிழாவுக்கு நீங்கள் வந்தால், அந்த இடம் யாருக்கு என்று அவளையே கேளுங்கள். கேட்டுவிட்டு உட்காருங்கள்.